பதினாறாம் நாளிலிருந்து யார் பார்ப்பது?

எழுபது வயதானால் போதும், வருமானம்கூடப் பார்க்காமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியபோது எங்கள் தெருப் பெரியவர்களுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான். ஆனால், படுத்த படுக்கையான மாமியாரை இரண்டரை வருஷம் பார்த்துக்கொண்டவள் என்ற முறையில் எனக்கு ஒரு கேள்வி. அந்தப் பணம் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நாட்களுக்கு. வீட்டுக்கு வந்தபிறகு 15 நாள் செலவும் உண்டு. பதினாறாம் நாளிலிருந்து?

என் அத்தை பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோச்சு. தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நன்றாகவே செய்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைச் சீட்டு கொடுத்தார்கள், பில் கொடுத்தார்கள். எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்று ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. பன்னிரண்டாம் நாள் முதுகுக்குக் கீழே சிவந்திருந்தது. புழுக்கம்னு நினைச்சு பவுடர் போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டேன். நாலே நாளில் அது படுக்கைப்புண். அத்தை வாய்விட்டு அழுததை இன்னிக்கு நினைச்சாலும் எனக்குக் கை நடுங்கும்.

பிறகு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்த நர்ஸ் பெண்தான் சொன்னாள். சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாதாம். வயதானால் தோல் மெலிந்துவிடும், உள்ளே இருக்கும் சதையும் நைந்துபோகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றி, முதுகுக்குத் தலையணை அணைத்து, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று வைக்கணும். தாகம் எடுப்பதே குறைந்துபோகுமாம், அதனால் கேட்காவிட்டாலும் தண்ணீர் கொடுக்கணும். சாப்பாடு கொடுத்தால் அரை மணி நேரமாவது தலையை உயர்த்தியே வைக்கணும். எல்லாம் காட்டிக் கொடுக்க அவளுக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இதை டிஸ்சார்ஜ் அன்றைக்கே செய்திருக்கலாமே!

குறை மட்டும் சொல்லவில்லை. முதியோர் மருத்துவத்துக்கு நாட்டுக்கே வழிகாட்டியது சென்னைதான். அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே டாக்டர் வி.எஸ். நடராஜன் தனிப் பிரிவு ஆரம்பித்தார். கிண்டியில் 2024-ல் 200 படுக்கையோடு முதியோருக்கென்றே மருத்துவமனை வந்தது. வீடு தேடி வரும் திட்டமும் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. ஆனால் நர்ஸ் வந்து போவது ஒரு நாள், மற்ற நாளெல்லாம் நாம்தானே? 2021 கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். கேரளாவுக்கு அடுத்தபடி நாம்தான்.

'ஆள் போட்டுக்கோ' என்பார்கள். போட்டேன். ஏஜென்சியில் மாதம் 22,000 ரூபாய். வந்த பெண்ணுக்கு யூரின் டியூப் பையை இடுப்புக்குக் கீழே தொங்கவிடணும் என்றுகூடத் தெரியவில்லை. பாவம், அவளைச் சொல்லி என்ன, அவளுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. வீட்டுக்கு ஆள் அனுப்புகிறவர்கள் பயிற்சி பெற்றவர்களைத்தான் அனுப்பணும் என்று 2019-ல் ஒரு திருத்த மசோதா வந்தது. 2024-ல் மக்களவை கலைந்ததும் அதுவும் காலாவதி. அதே மசோதாவில் மருமகளையும் மருமகனையும் பராமரிப்புப் பொறுப்பில் சேர்த்திருந்தார்கள். 2007-ஆம் வருஷச் சட்டத்தில் மகன், மகள், பேரன், பேத்திதான் உண்டு. நமக்குச் சிரிப்புதான் வருகிறது. சட்டத்தில் இல்லாவிட்டாலும் இரவு இரண்டு மணிக்கு எழுந்து திருப்பிப் போட்டவள் யார்? என் கணவர் நல்லவர்தான், ஆனால் டயப்பர் மாற்ற ஒருநாளும் வந்ததில்லை.

அரசுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். படுக்கையிலேயே இருக்கவேண்டிய நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் முன், பார்த்துக்கொள்ளப் போகிறவரை ஒரு மணி நேரம் உட்கார வைத்து, நர்ஸ் செய்துகாட்டி, அவரையும் செய்யச் சொல்லிப் பார்த்தபிறகே டிஸ்சார்ஜ் தரணும். அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, எல்லோருக்கும் இதைக் கட்டாயமாக்கட்டும். புதுக் கட்டடம் வேண்டாம், பெரிய செலவும் இல்லை.

அத்தை போன தை மாதம் போய்ச் சேர்ந்தார். புண் ஆறித்தான் போனார், அந்த ஒரு நிம்மதி. அவருடைய வாட்டர் பெட்டைக் கேட்கிற வீடுகளுக்குக் கொடுத்து வாங்குகிறேன். கொடுக்கும்போது நானே போய், எப்படித் திருப்புவது என்று காட்டிவிட்டும் வருகிறேன். இதுவரை மூணு வீடு. மூணு இடத்திலும் கற்றுக்கொண்டது மருமகள்தான்.

– ஒரு வாசகி, கும்பகோணம்