சீர் டம்ளரில் விஸ்கி

சங்கப் பத்திரிகையில் விஸ்கியா என்று முகம் சுளிப்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். நான் இருபது வருடம் ஒளித்துக் குடித்தவன். டெல்லியில் நம்மவர் வீடுகள் பலவற்றிலும் இதே கதைதான்: பீரோவுக்குப் பின்னால் பாட்டில், கதவைச் சாத்திக்கொண்டு இரண்டே மடக்கு, பிறகு வாயில் ஏலக்காய். ஒளிப்பவனுக்கு அவசரம். அவசரத்தில் அளவு ஏது?

போன மே மாதம் என் மகன் (வயது முப்பது) கூடத்திலேயே, எல்லோர் முன்னிலும், 'மின்ட் ஜூலெப்' கலந்தான். அமெரிக்காவில் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்தன்று குடிக்கும் பானம். பெயரின் வேர் பாரசீக 'குலாப்', அதாவது பன்னீர்!

பத்துப் புதினா இலை, இரண்டு ஸ்பூன் சர்க்கரைப் பாகு. இலையை நசுக்கினால் கசக்கும். வாசனை கிளம்ப லேசாக அழுத்தினால் போதும். 60 மில்லி போர்பன். பாதிக்கு மேல் மக்காச்சோளத்தில் வடிக்கிற விஸ்கி அது. மேலே, துணியில் கட்டிக் குழவியால் நொறுக்கிய ஐஸ். அங்கே வெள்ளிக் கோப்பையாம். இவன் எடுத்தது அம்மாவின் சீர் டம்ளரை! "அதுலயாடா?" என்றாள் அவள்.

டம்ளரின் வெளிப்புறம் பனி பூத்தது. மடக்கென்று விழுங்க முடியவில்லை, பல் கூசியது. ஒரு டம்ளருக்கு முக்கால் மணி நேரம். என்னைக் கேட்டால், குடிக்காதவர் குடிக்கவே வேண்டாம். குடிக்கிறவர் கூடத்துக்கு வரட்டும், அளந்து குடிக்கட்டும். மனைவிக்கு விஸ்கி இல்லாமல், எலுமிச்சை பிழிந்து ஒன்று கொடுத்தான். குடித்தாள்.

இரண்டாவது கேட்டேன். புதினா தீர்ந்துவிட்டது என்றான். ஃபிரிட்ஜில் ஒரு கட்டு இருந்தது.