பரணில் கிடைத்த பாக்குவெட்டி

போகிக்கு முன்தினம் பரண் ஒழிப்பது தஞ்சை ஜில்லா வீடுகளில் நெடுநாளைய வழக்கம். கிழிந்த பாய், உடைந்த முறம், அடி இற்றுப்போன பெட்டி முதலியவை எல்லாம் அன்று கீழே இறங்கும். மறுநாள் விடியற்காலையில் தெருவிலே தீக்கு இரையாகும். அப்படி இறங்கும் சாமான்களுக்கு நடுவே, பாட்டனார் காலத்தில் துப்பாக்கி இருந்த வீடுகளில், ஒரு விசித்திரமான இரும்புக் கருவி அகப்படலாம். பார்வைக்குப் பாக்குவெட்டியைப் போல் இரண்டு பிடிகள் இருக்கும். ஆனால் வெட்டும் அலகு இராது. பிடிகள் சேரும் இடத்தில் விரல் நுழையத் தக்க ஒரு துவாரமும், அருகில் சிறியதொரு முளையும் காணப்படும். இன்னதென்று தெரியாமல் அதைப் பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போட்டுவிடுவார்கள்.

அது பாக்கு வெட்டுவதற்கு ஏற்பட்டதன்று. வெடித்து வெறுமையான தோட்டாவை மறுபடியும் மருந்திட்டு நிரப்புவதற்கு ஏற்பட்ட கைக் கருவி. அதைக் கையில் எடுத்தவர் எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பதைப் பற்றி இவ்வாரம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

தஞ்சாவூர்க் கீழவாசலில் பீரங்கி மேட்டின்மேல் கிடக்கும் பெரும் பீரங்கியை நேயர்களில் பலர் பார்த்திருப்பார்கள். 17-ம் நூற்றாண்டில், நாயக்க மன்னர் காலத்தில், இரும்புப் பட்டைகளைக் காய்ச்சி அடித்து ஒன்றாக்கிச் செய்தது அது; அச்சில் வார்த்ததன்று. மருந்து, தக்கை, குண்டு யாவற்றையும் அதன் வாய் வழியாகவே கெட்டிக்க வேண்டும். நாட்டுத் துப்பாக்கிக்கும் அதே முறைதான். 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு, பின்புறம் திறந்து தோட்டாவைச் செருகும் துப்பாக்கி பரவிற்று. மருந்து, குண்டு, பொறி கிளப்பும் கேப்பு ஆகிய மூன்றும் ஒரே குப்பிக்குள் அடங்கின. சுட்டவுடன் அம்மூன்றும் தீர்ந்துபோகின்றன. பித்தளைக் குப்பி மாத்திரம் எஞ்சுகிறது. தோட்டாவில் விலை பெற்ற பாகமும் அதுவே. அதை எறிந்துவிட மனம் வராத சிக்கனக்காரர்களுக்காகவே இந்த இடுக்கி பிறந்தது.

அமெரிக்காவில் ஜான் பார்லோ என்பவர் 1884-ல் 'ஐடியல்' என்ற பெயருடன் இத்தகைய இடுக்கிகளைச் செய்து விற்கத் தொடங்கினார். அந்தத் தொழில் 1910-ல் மார்லின் கம்பெனியாரிடமும், 1925-ல் லைமன் கம்பெனியாரிடமும் சென்றது. கடைக்குப் போய்வரப் பல நாள் ஆகும் இடங்களில் வசித்த குடியானவர்களுக்கு இது பேருதவியாயிற்று. இங்கிலாந்தில் ரவைத் துப்பாக்கிக்கென்று வேறொரு வகைக் கருவி செய்தார்கள். அதை மேஜை விளிம்பில் திருகி மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால், காகிதத் தோட்டாவின் வாய் உட்புறமாக மடிந்துகொள்ளும். நமது வீடுகளில் காப்பிக்கொட்டை அரைத்த யந்திரத்தை நினைத்துக்கொண்டால் அதன் உருவம் விளங்கும். ஆனால் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் காகிதத் தோட்டா ஊதிப் பருத்துக் குழாயில் நுழைய மறுக்கும். காவேரிப் பாய்ச்சல் பூமியைப் போன்ற ஈரமான இடங்களுக்குப் பித்தளைத் தோட்டாவே ஏற்றதாயிருந்தது.

இனி இக்கருவிக்கும் சட்டத்துக்கும் உள்ள சம்பந்தத்தைச் சொல்ல வேண்டும். 1878-ல், லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது, ஆயுதச் சட்டம் பிறந்தது. சுதேச பாஷைப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே வருஷத்தில் பிறந்ததுதான். பத்திரிகைச் சட்டம் ரிப்பன் பிரபுவின் காலத்தில் மறைந்தது. ஆயுதச் சட்டமோ சுதந்திரம் வந்த பின்னும் சில வருஷங்கள் உயிரோடு இருந்தது. 'வெடிச் சாமான்' என்பதற்கு அச்சட்டம் கொடுத்த விளக்கம் படிக்கத் தக்கது. துப்பாக்கித் தக்கை, கேப்பு, தோட்டாவின் எந்த அங்கமும், தோட்டா செய்யும் எந்த யந்திரமும் அதற்குள் அடக்கம். ஈயமும் கந்தகமும் வெடியுப்பும் மாத்திரம் அந்த விளக்கத்துக்குப் புறம்பாக நின்றன. ஆகவே வெறும் கம்பளித் துணுக்கால் ஆன தக்கையும், நாம் பார்க்கும் இந்தப் பாக்குவெட்டியும் சர்க்காரின் கண்ணில் வெடிச் சாமான்கள்! வெள்ளைக்காரருக்கோ லைசென்ஸே வேண்டியிருக்கவில்லை.

1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையிலேயே இச்சட்டத்தை எதிர்த்துக் குரல் எழுந்தது. விபின சந்திர பாலர் அங்கே ஆவேசமாகப் பேசினார். 1930 ஜனவரியில் மகாத்மா காந்தி வெளியிட்ட பதினொரு கோரிக்கைகளில் உப்பு வரியை ஒழிப்பது ஒன்று. தற்காப்புக்காகத் துப்பாக்கி லைசென்ஸ் வழங்குவதும், அவ்வதிகாரம் ஜனங்களின் கட்டுப்பாட்டில் இருப்பதும் மற்றொன்று. அவ்வருஷம் ஏப்ரலில் ராஜாஜியின் தொண்டர் படை திருச்சியிலிருந்து புறப்பட்டுத் தஞ்சை ஜில்லாவின் ஊடே நடந்து வேதாரண்யம் சேர்ந்து உப்பு எடுத்தது. அவர்கள் கையில் ஆயுதம் இல்லை. துப்பாக்கி லைசென்ஸ் வேண்டுமென்று கேட்ட இயக்கமே துப்பாக்கியைத் தொடாமல் நடந்ததை நேயர்கள் கவனிக்க வேண்டும். நம்பத் தகாத ஜாதியார் என்று நம்மைப் பற்றி எழுதிவைத்த ஏட்டைக் கிழிப்பதே அக்கோரிக்கையின் உட்கருத்து என்பது நமது அபிப்பிராயம்.

இன்றுள்ளது 1959-ம் வருஷத்துச் சட்டம். 1962 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தது. அதுவும் தோட்டாவின் அங்கங்களையும் அதைச் செய்யும் யந்திரத்தையும் வெடிச் சாமான்களோடு சேர்த்தே சொல்லுகிறது. ஆகையால் இக்கருவியின் முதற் பாடம் கலெக்டர் ஆபீஸிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் ஆரம்பமாகிறது. துப்பாக்கி லைசென்ஸ் வேறு. தோட்டா செய்ய அனுமதி வேறு. முன்னது இருப்பதால் பின்னதும் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. அனுமதி கிடைக்கும் வரையில் கேப்பையும் மருந்தையும் அருகில் கொண்டுவராமல், கருவியை மாத்திரம் பழகி அறிவதே நல்லது.

கருவியில் முதலில் பார்க்க வேண்டியது அதன்மேல் பொறித்த எண். பழைய இடுக்கிகள் பெரும்பாலும் ஒரே வகைத் தோட்டாவுக்கென்று கடையப்பட்டவை. ரைபிளுக்கும் ரிவால்வருக்கும் 32, 38, 44 என்று வரும் எண், குழாயின் குறுக்களவு அங்குலத்தில் நூற்றில் ஏறக்குறைய எத்தனை பங்கு என்பதைக் காட்டும். ரவைத் துப்பாக்கிக்குக் கணக்கு வேறு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அவற்றுள் ஒன்று எந்தக் குழாயில் சரியாக நுழையுமோ அது 12 போர். ஆதலால் 16 போர் 12-ஐக் காட்டிலும் சிறியது.

துருவை மண்ணெண்ணெயும் பழந்துணியும் கொண்டு துடைக்க வேண்டும். உப்புக் காகிதம் போட்டுத் தேய்க்கலாகாது; துவாரத்தின் அளவு தலைமயிர் அளவு மாறினாலும் கருவி கெட்டது. பிறகு வேலை முறையை வரிசையாகத் தெரிந்துகொள்ளலாம். வெடித்த குப்பியின் வாயில் வெடிப்பு உண்டா என்று பார்த்தல். பழைய கேப்பை ஊசியால் தள்ளுதல். குப்பியை வெந்நீரில் அலம்பி நன்றாக உலர்த்துதல். புதுக் கேப்பைப் பிடியால் மெல்ல அழுத்தி அடிமட்டத்துக்கு மேல் துருத்தாமல் உட்காரச் செய்தல். மருந்தை நிறுத்துப் போடுதல். குண்டை வைத்து வாயை இறுக்குதல். இவ்வளவே. இவற்றுள் குண்டை வைத்து இறுக்கும் ஒரு காரியத்தை, கேப்பும் மருந்தும் இல்லாத வெறுங் குப்பியில், கை பழகும் வரை பல தடவை செய்து பார்க்கலாம்.

இவ்விடுக்கி குப்பியின் கழுத்தைத்தான் நெருக்கும். உடம்பைப் பழைய அளவுக்குக் கொண்டுவர அதற்குப் பலம் போதாது. குப்பியோ சுட்டபோது அந்தத் துப்பாக்கியின் அறைக்குத் தக்கபடி விரிந்துபோகிறது. ஆகையால் ஒரு துப்பாக்கியில் வெடித்த குப்பியை நிரப்பி வேறொன்றில் செருகினால், அது நுழையாமல் நின்றுவிடலாம். ஒருவர் காலுக்குப் பழகிய செருப்பு மற்றொருவருக்குச் சேருவதில்லை அல்லவா?

அபாயங்கள் மூன்றைச் சொல்லி முடிக்கிறோம். முதலாவது, மருந்தளக்கும் சிறு கிண்ணம். அதில் 3 டிராம் என்று கோடு கிழித்திருந்தால், அது பழைய கரிமருந்துக்கு ஏற்பட்டது. சுமார் 82 கிரெயின் எடை. புகையற்ற புது மருந்தில் அதே வேலைக்குப் பாதி எடையே போதும்; சில வகைகளில் அதற்கும் குறைவு. பழைய கிண்ணத்தில் புது மருந்தை நிரப்பியவர்களின் துப்பாக்கிக் குழாய் கைக்கருகிலேயே பிளந்திருக்கிறது. தட்டார் பொன்னை நிறுப்பதுபோல் மருந்தைத் தராசில் நிறுக்க வேண்டுமே தவிர, கண் மதிப்பில் விடக் கூடாது. இரண்டாவது, பழைய குப்பி. முற்காலத்துக் கேப்புகள் பலவற்றில் பாதரசம் கலந்திருந்தது. அது பித்தளையில் ஊறி, வெளியே தெரியாமல் அதை நொறுங்கச் செய்துவிடும். பாட்டனார் வைத்துப்போன குப்பி பார்க்கப் பளபளப்பாயிருந்தாலும் அதை நிரப்ப நினைக்கக் கூடாது. மூன்றாவது, பரணிலேயே இருக்கிறது: வெடிக்காத பழைய தோட்டா, கேப்பு டப்பி, மருந்துக் குப்பி. இவற்றைத் திறக்கவும் கூடாது, குலுக்கவும் கூடாது. குழந்தைகளை அப்பால் அனுப்பிவிட்டு, இருந்த இடத்திலேயே விட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். லைசென்ஸ் பெற்றவர் காலமாகிவிட்டால், அவருடைய துப்பாக்கியையும் தோட்டாக்களையும் தாமதமின்றி அங்கேயாவது லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமாவது ஒப்படைக்க வேண்டுமென்பது சட்டம்.

சம்பா வயலில் உள்ளான் சுட்ட காலம் போய்விட்டது. வனவிலங்குச் சட்டத்தின்படி இன்று அவ்வேட்டைக்கு இடமில்லை. இருந்தாலும் கருவி கருவிதான். ஒரு தக்கைக்குக்கூட நம்மை நம்பாத காலம் ஒன்று இருந்தது. இன்று அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது நமது ஜாக்கிரதையைப் பொறுத்தது. வருகிற போகிக்குப் பரணிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பெட்டியையும் வீட்டுப் பெரியவர்கள் திறந்து பார்த்த பிறகே தெருவுக்கு அனுப்ப வேண்டுமென்று நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம். குழந்தைகள் மேளம் கொட்டிக்கொண்டு நெருப்பைச் சுற்றி நிற்கும் அந்த விடியற்காலையில், நெருப்பினுள் ஒரு பழைய தோட்டா கிடக்க வேண்டாம்.