எடை குறைந்தாலும் மிகுந்தாலும்

பிறந்த மகவு 2.5 கிலோவுக்குக் குறைந்திருந்தால் வீட்டார் கலங்குகின்றனர். 4 கிலோவைத் தாண்டினால் கவலையின்றி மகிழ்கின்றனர். இரண்டிற்குமே கண்காணிப்புத் தேவை.

எடை குறைந்த சிசுவின் உடல் விரைவில் குளிர்ந்துவிடும். 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத நிலையில், மருத்துவர் எட்கர் ரே சிசுவைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறையைத் தொடங்கினார். உலக சுகாதார நிறுவனம் நாள்தோறும் 8 முதல் 24 மணி நேரம் இவ்வாறு அணைத்திருக்கப் பரிந்துரைக்கிறது. தந்தையும் அணைக்கலாம்.

நீரிழிவுள்ள தாயின் பெருத்த குழந்தைக்கோ, பிறந்த சில மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரை தாழக்கூடும். முதல் மணி நேரத்திலேயே தாய்ப்பால் தருக. சேனை வைத்தல் வேண்டா. குழந்தை நடுங்கினாலோ, சோர்ந்து பால் குடிக்க மறுத்தாலோ உடனே செவிலியரை அழையுங்கள். இறைவன் நம்மிடம் ஒப்படைத்த உயிரன்றோ!