புகுந்த நாட்டை அறிவோம்: முதலமைச்சர் இல்லாமற்போன தீவு

நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் அரசின் தலைவரைப் 'பிரீமியர்' என்கிறார்கள். கன்பராவிலும் வட பிரதேசத்திலும் 'முதலமைச்சர்' என்கிறார்கள். வித்தியாசம் பெயரில் மட்டும்தான் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. இந்நாட்டில் மூன்றாவதாக ஒரு முதலமைச்சரும் இருந்தார். அந்தப் பதவி 2015 இல் ஒழிக்கப்பட்டது. அந்தக் கதையை இம்முறை பார்ப்போம்.

சிட்னியிலிருந்து ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர் தொலைவில், பசுபிக் கடலில் இருக்கிறது நோர்போக் தீவு. முன்னர் அது கைதிகளின் தீவு. 1856 யூன் 8 ஆம் திகதி, பிட்கேர்ன் தீவிலிருந்து 194 பேர் அங்கு வந்து குடியேறினார்கள். 1789 இல் 'பவுண்டி' கப்பலில் கலகம் செய்த மாலுமிகளின் சந்ததியினர் அவர்கள். எம்மைப்போல் சொந்த மண்ணை விட்டு வந்தாலும் தமது மொழியை விடாதவர்கள்.

1979 இல் மத்திய பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, ஒன்பது உறுப்பினர் கொண்ட சட்டசபையைத் தீவுக்கு வழங்கியது. டேவிட் பஃபெற் முதலாவது முதலமைச்சரானார். பதவியின் பெயர் இடையிடையே மாறியது, பொறுப்பு மாறவில்லை. குடிவரவும் சுங்கமும்கூடத் தீவின் கையில் இருந்தன. மத்திய அரசுக்கு வருமான வரி கட்டத் தேவையில்லை. ஆனால் மெடிகெயரும் இல்லை.

பின்னர் உல்லாசப் பயணிகள் குறைந்தார்கள்; திறைசேரி வற்றியது. 2010 இல், மீண்டும் முதலமைச்சராக இருந்த அதே பஃபெற், பண உதவிக்கு ஈடாக வரிச்சலுகையை விட்டுக்கொடுக்க முன்வந்தார். 2015 மே மாதம் தீவில் வாக்கெடுப்பு நடந்தது. தமது அரசியல் எதிர்காலத்தைத் தாமே தீர்மானிக்க வேண்டும் என்று ஏறத்தாழ 68 சதவீதத்தினர் வாக்களித்தார்கள். அதே மாதத்தில் மத்திய பாராளுமன்றம் சுயாட்சியை நீக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. யூனில் சட்டசபை ஒழிந்தது. கடைசி முதலமைச்சர் லைல் சினெல்.

2016 யூலையில் மெடிகெயர் வந்தது. வருமான வரியும் வந்தது. இதை வரவேற்றவர்களும் உண்டு. ஆனால் நியூ சவுத் வேல்ஸ் சட்டங்கள் அங்கு நடைமுறைக்கு வந்தபோதும், அந்த மாநிலப் பாராளுமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை தீவு மக்களுக்குக் கிடைக்கவில்லை.

இது எப்படி நடந்தது? மாநிலங்களுக்கு அரசியலமைப்பின் காப்பு உண்டு. பிரீமியர் பதவியை மத்திய பாராளுமன்றம் தன் விருப்பப்படி நீக்க முடியாது. பிரதேசங்களின் ஆட்சியோ அப்பாராளுமன்றம் இயற்றிய சாதாரணச் சட்டத்தால் வந்தது. கொடுத்த கையே எடுத்துக்கொள்ளலாம்.

எமக்கு இது புதிய பாடமல்ல. இணைந்த வடக்கு கிழக்கு மாகாணத்துக்கு 1988 டிசம்பரில் வரதராஜப்பெருமாள் முதலமைச்சரானார். 1990 இல் அந்தச் சபை கலைக்கப்பட்டது. 2006 ஒக்டோபரில் இணைப்பே செல்லாது என்று இலங்கை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்துடன் அந்தப் பதவிக்குரிய மாகாணமே இல்லாமற்போனது.

எவரேனும் அதிகாரம் தருகிறோம் என்றால், எவ்வளவு தருகிறார்கள் என்று மட்டும் பார்ப்பது போதாது. திருப்பி எடுக்க முடியுமா, முடியுமென்றால் எம்மைக் கேட்டா என்றும் பார்க்கவேண்டும். இங்கு வளரும் எமது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வைப்போம்.