சிவப்பு ஸ்டிக்கர் மட்டும் போதுமா?

கடுமையான ரத்தசோகை, உயர் ரத்த அழுத்தம், கர்ப்பகால நீரிழிவு, முந்தைய சிசேரியன் போன்றவை கண்டறியப்பட்டால், கர்ப்பிணியின் தாய்-சேய் பாதுகாப்பு அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டப்படுகிறது. மாதந்தோறும் 9ஆம் தேதி நடைபெறும் பிரதமரின் பாதுகாப்பான தாய்மை முகாம்களின் நடைமுறை இது. ஆபத்தை முன்கூட்டியே அறிவது அவசியம்தான். ஆனால், ஆபத்து என்று அறிவித்த அரசு அதன்பின் என்ன செய்கிறது?

நள்ளிரவில் வலி வந்தால் வாகனம் கிடைக்குமா, மருத்துவர் இருப்பாரா, ரத்தம் கிடைக்குமா என்ற அச்சம் அந்தப் பெண்ணை உறங்கவிடுவதில்லை. "தைரியமாக இரு" என்ற உபதேசமே அவருக்குக் கிடைக்கும் மருந்து. இந்தப் பதற்றத்தை மனபலவீனம் என்று ஒதுக்குவது அநீதி. அதற்கான காரணங்கள் அரசின் ஆவணங்களிலேயே உள்ளன.

2021-22ஆம் ஆண்டு ஊரக சுகாதாரப் புள்ளிவிவரப்படி, கிராமப்புற சமூக சுகாதார மையங்களில் மகப்பேறு மருத்துவர் பற்றாக்குறை சுமார் 74 சதவீதம். ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, கர்ப்பிணிகளில் 52 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. 2018-20இல் ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புகளுக்குத் தாய்மார் மரணம் கேரளத்தில் 19. பாஜக ஆளும் அசாமிலோ 195. 'ஒரே நாடு' என்று முழங்குவோர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்கிறார். விவசாயக் கூலிப் பெண் ஓய்வெடுத்தால் அன்றைய கூலி போய்விடும். 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் கர்ப்பிணிகளுக்குக் குறைந்தபட்சம் 6,000 ரூபாய் வழங்கச் சொல்கிறது. மோடி அரசோ 2017இல் அதை முதல் குழந்தைக்கு மட்டும், 5,000 ரூபாயாகச் சுருக்கியது. பின்னர் இரண்டாவது குழந்தையும் சேர்க்கப்பட்டது; அதுவும் பெண்ணாக இருந்தால் மட்டுமே. அடுத்தடுத்த பிரசவங்களே ஆபத்தைக் கூட்டுகின்றன. ஆபத்து கூடக்கூட உதவி மறுக்கப்படுவதுதான் தாய்மையைப் போற்றும் லட்சணமா? 26 வார மகப்பேறு விடுப்பும் அமைப்புசாராப் பெண் தொழிலாளர்களை எட்டவில்லை.

பரிசோதனையில் எடையும் ரத்த அழுத்தமும் அளக்கப்படுகின்றன. அச்சத்தை யார் கேட்கிறார்கள்? வீடுதேடிச் சென்று கேட்கக்கூடிய ஆஷா ஊழியரையும் 'தன்னார்வலர்' என்று சொல்லி, ஊக்கத்தொகையோடு ஏமாற்றுகிறது ஒன்றிய அரசு.

மனநல ஆலோசனை கர்ப்பகாலப் பரிசோதனையின் பகுதியாக வேண்டும். ஆனால், மருத்துவர் இல்லாத ஊரில் ஆலோசனை மட்டும் அச்சத்தைப் போக்காது. காலியிடங்களை நிரப்பு, நிபந்தனையின்றி மகப்பேறு உதவி வழங்கு, ஆஷாக்களைத் தொழிலாளர்களாக அங்கீகரி என்ற முழக்கங்களை ஒவ்வொரு கிளையும் கர்ப்பிணிகளின் வீட்டு வாசல்வரை கொண்டுசெல்ல வேண்டும். தாய்மார்களின் அச்சம் அவர்களது தனிப்பட்ட துயரமன்று. அது வர்க்கப் பிரச்சனை.