டைரக்டர் பக்தியும் அறுபட்ட படமும்

சினிமாவைப் பற்றி நம் பத்திரிகையில் எழுதத்தான் வேண்டுமா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நாட்டைப் பிடித்த நோய்களை எண்ணிச் சொன்ன தந்தை பெரியார், அவற்றில் சினிமாவையும் ஒன்றாகச் சேர்த்தே சொன்னார் என்பது நம்மவர்க்குத் தெரியாததல்ல. அப்படியானால் நோயைப் பற்றி வைத்தியன் பேசாமல் வேறு யார் பேசுவது? ஆகவே எழுதுகிறோம்.

பனமரத்துப்பட்டியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் உள்ள வாலிபர்களுக்குள் சில காலமாக ஒரு வாதம் நடந்து வருகிறது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் 1950-ம் வருஷத்தில் வெளியிட்ட "மந்திரி குமாரி" என்ற படத்தைப் பற்றியது அது. அதன் டைரக்டர்கள் என்று எல்லிஸ் ஆர். டங்கன், டி.ஆர். சுந்தரம் என இருவருடைய பெயர்களும் போடப்பட்டிருக்கின்றன. படத்தின் பெருமை அமெரிக்கரான டங்கனுக்கே உரியது என்கிறது ஒரு கட்சி. நம் சேலத்து முதலாளி சுந்தரமில்லாவிட்டால் டங்கன் ஏது, படம் ஏது என்கிறது மற்றொரு கட்சி. எம்.ஜி.ஆர். இருக்கும்போது டைரக்டர் யாராயிருந்தால் என்ன என்கிறது மூன்றாவது கட்சி. வாதம் டீக்கடையில் ஆரம்பித்து, ஒருவருக்கொருவர் முகங்கொடுத்துப் பேசாத அளவுக்கு வந்துவிட்டதாம். போதாக்குறைக்கு ஒரு கட்சியில் சிலர் "அவர் நம்ம ஜாதிக்காரர்" என்ற பேச்சையும் நடுவில் கொண்டு வந்து விட்டிருக்கிறார்கள்.

இதில்தான் நமக்குக் கவலை. ஒரு மனிதன் காமிராவை எந்தப் பக்கம் வைத்தான், எந்தக் காட்சியை எத்தனை நொடியில் முடித்தான் என்று பார்ப்பதற்கு ஜாதி எங்கிருந்து வந்தது? பிறப்பினால் பெருமை என்பதைக் கோயிலில் எதிர்க்கிறோம், கலியாணப் பந்தலில் எதிர்க்கிறோம், சினிமாக் கொட்டகையில் மாத்திரம் வரவேற்பதா? டி.ஆர். சுந்தரம் 1907-ல் திருச்செங்கோட்டில் பிறந்தவர். இங்கிலாந்து சென்று லீட்ஸ் நகரில் நெசவுத் தொழிற்கல்வி படித்துத் திரும்பியவர். சேலம்-ஏற்காடு சாலையில் ஒரு ஸ்டூடியோ கட்டி, மில் நடத்துகிறமாதிரி நேரங்காலம் பார்த்து வேலை வாங்கி, நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் வெளிவரச் செய்தவர். 1938-ல் மலையாளத்தின் முதல் பேசும் படமான "பாலன்" அங்கிருந்துதான் போயிற்று. 1956-ல் தமிழின் முதல் முழுநீளக் கலர்ப் படமான "அலிபாபாவும் 40 திருடர்களும்" அங்கிருந்துதான் வந்தது. இவையெல்லாம் படிப்பும் உழைப்பும் கணக்கும் செய்த காரியம். ஜாதி செய்த காரியம் எதுவென்று காட்டட்டும், நாமும் பார்க்கிறோம்.

டங்கன் கட்சியாரும் சும்மாயில்லை. வெள்ளைக்காரன் கை பட்டால்தான் வேலை நேர்த்தியாயிருக்கும் என்கிறார்கள். இது பழைய அடிமைப் புத்தியின் மிச்சம். டங்கன் கெட்டிக்காரர் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. 1935-ல் இந்நாட்டுக்கு வந்து, 1936-ல் "சதி லீலாவதி"யையும் 1937-ல் "அம்பிகாபதி"யையும் எடுத்தார். 1950-ல் தாய்நாடு திரும்பும் வரை தமிழ் பேசத் தெரியாமலே தமிழ்ப் படங்கள் எடுத்தார். அவரைப் பற்றி வேறொரு சங்கதி நமக்கு மிகவும் பிடிக்கும். 1945-ல் வெளிவந்த "மீரா"வுக்காக, எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் தலையைப் பிளாஸ்டரில் வார்த்து வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் எத்தனை வெளிச்சம் விழுந்தால் முகம் எப்படித் தெரிகிறது என்று முன்கூட்டியே பரீட்சை செய்து பார்த்தார்கள். படம் வந்தபின் அந்த முகத்தில் தெய்வீகம் ததும்புகிறது என்று உருகியவர்கள் எத்தனை பேர்! கண்ணன் பாட்டின் ஒரு வரி கூட அர்த்தமாகாத ஓர் அமெரிக்கர், ஒரு பிளாஸ்டர் பொம்மையையும் நாலு விளக்கையும் வைத்துக் கணக்குப் போட்ட தெய்வீகம் அது. கர்ப்பக்கிருகத்தில் கற்பூரம் காட்டுவதும் இதே வித்தைதான் என்று நாம் மேடைக்கு மேடை சொன்னபோது கல்லெறிந்தவர்கள், கொட்டகையில் காசு கொடுத்து அதையே பார்த்து வந்தார்கள். இந்த ஒரு சங்கதிக்காகவே டங்கனுக்கு நன்றி சொல்லலாம். அதற்காக அவரைப் பூசிக்க வேண்டியதில்லை.

நிற்க. "மந்திரி குமாரி"யைப் பற்றிப் பேசுகிறவர்கள் உண்மையில் பேச வேண்டியதை விட்டுவிட்டுப் பேசுகிறார்கள் என்பது நமது அபிப்பிராயம். இதே மாடர்ன் தியேட்டர்ஸின் முதல் படம் 1937-ல் வந்த "சதி அகல்யா". அகலிகை கதை யாவர்க்கும் தெரியும். ஏமாற்றினவன் இந்திரன்; சபித்தவன் புருஷன்; கல்லாய்க் கிடந்தவள் மாத்திரம் பெண்சாதி. பதின்மூன்று வருஷம் கழித்து அதே ஸ்டூடியோவிலிருந்து வந்த படத்தில், தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துப்போன புருஷனை, அவனை மூன்று சுற்றுச் சுற்றி வரும் சாக்கில், அவள் கீழே தள்ளிவிடுகிறாள். பதிவிரதைகளின் பிரதட்சிணம் இப்படியும் முடியலாம் என்று ஊரூராகக் காட்டினார்கள். ராஜாவின் பக்கத்திலே குருவென்று உட்கார்ந்திருப்பவன் சூழ்ச்சிக்காரன், அவன் பெற்ற பிள்ளை வழிப்பறிக் கொள்ளைக்காரன் என்றும் அதே படம் காட்டிற்று.

அகலிகைக்கும் அமுதவல்லிக்கும் நடுவே அந்த ஸ்டூடியோவில் என்ன ஞானோதயம் ஏற்பட்டது? ஒன்றும் ஏற்படவில்லை. ஏற்பட்டது ஸ்டூடியோவுக்கு வெளியே. 1925 முதல் குடிஅரசு வீடு வீடாய்ப் போயிற்று. 1929-ல் செங்கற்பட்டு மாநாடு நடந்தது. 1944-ல் இந்தச் சேலம் பட்டணத்திலேயே ஜஸ்டிஸ் கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறிற்று. ராஜகுரு யோக்கியனல்ல என்று சொன்னால் கைதட்ட ஜனங்கள் தயாராயிருக்கிறார்கள் என்று முதலாளிக்குத் தெரிந்த பிறகே அந்த வசனம் எழுதிய மு. கருணாநிதிக்கு ஸ்டூடியோவில் இடம் கிடைத்தது. முதலாளி சரக்கு விற்பவர். எது விலைபோகும் என்று பார்த்தார். ஆகையால் படத்துக்குச் சொந்தக்காரர் டங்கனா சுந்தரமா என்று அடித்துக் கொள்ளுகிற வாலிபர்கள், அதில் தங்கள் பாட்டன் பாட்டிக்கும் ஒரு பங்குண்டு என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம். மலையுச்சியில் அந்தக் காட்சியை நடித்துக் காட்டிய மாதுரி தேவியின் பெயரை மூன்று கட்சியில் ஒரு கட்சியாவது சொல்லிற்றா என்றும் விசாரித்தோம். இல்லையாம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இவ்வளவு வாதமும் எதை வைத்து நடக்கிறது? வீட்டிலே போட்டுப் பார்க்கும் தட்டுகளை வைத்தும், அத்தட்டிலிருந்து எடுத்துக் கைப்பேசியில் ஏற்றிய நகல்களை வைத்தும் நடக்கிறது. முன்னே வீடியோ கேசட்டு இருந்தது. பிறகு வி.சி.டி. வந்தது. 2007 வாக்கில் மோசர் பேர் கம்பெனியார் ஒரு வி.சி.டி.யை 28 ரூபாய்க்குக் கொடுக்க ஆரம்பித்ததும் பழைய படங்கள் மளிகைக் கடையில்கூடத் தொங்கின. ஏழை வீட்டிலும் பழைய படம் பார்க்க வழி ஏற்பட்டது நல்லதே. ஆனால் வி.சி.டி. ஒன்றில் 74 முதல் 80 நிமிஷத்துக்குமேல் கொள்ளாது. மூன்று மணி நேரப் படத்துக்கு மூன்று தட்டு வேண்டும். இரண்டே தட்டில் அடைக்க வேண்டுமானால் இருபது நிமிஷத்தை அறுத்தே ஆக வேண்டும். அறுப்பது யார்? டைரக்டரா? வசனம் எழுதினவரா? கடைச் சரக்கைப் பொட்டலம் கட்டுகிறவர் அறுக்கிறார். நாம் பார்த்த சில தட்டுகளில் பாட்டு நடுவில் நிற்கிறது. பேச்சு பாதியில் போகிறது. பெயர்ப் பட்டியலே கிடையாது. நடிப்பவர் முகத்தின்மேல் கம்பெனி முத்திரை நாமம்போல் நிற்கிறது. டி.வி.டி. வந்த பிறகு ஒரு தட்டில் மூன்று படம் என்று திணித்தார்கள். முகமெல்லாம் கட்டங்கட்டமாய்த் தெரிந்தது. இதைப் பார்த்துவிட்டு, டைரக்டர் காட்சியைத் திடீரென்று வெட்டியது புதுமை என்று ஒருவர் வியக்கிறார், கோளாறு என்று இன்னொருவர் தூற்றுகிறார். இருவரும் பொட்டலம் கட்டினவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்!

அலிபாபாவின் கதையும் இதுவே. சுந்தரத்துக்குச் சிவப்பு நிறத்தின்மேல் ஒரு மோகம் என்று ஒரு நண்பர் நம்மிடம் விஸ்தாரமாய்ப் பேசினார். அக்காலத்துக் கலர்ப் பிரதிகளில் நீலச்சாயம் முதலில் வெளிறிவிடும், மிஞ்சுவது செம்மை. இது ரசாயனம். இதற்கு ரசனை என்று பெயர் வைப்பது, சிலையில் நீர் கசிந்தால் சாமிக்கு வியர்த்தது என்பதற்குச் சமானம்.

படத்தை அறுத்திருக்கிறார்களா என்று சாதாரண மனிதன் எப்படிக் கண்டுபிடிப்பது? வழியிருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் சென்சார் சர்டிபிகேட்டில் நீளம் குறிக்கப்பட்டிருக்கும். பேசும் படம் ஒரு நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். 16,200 அடிப் படமென்றால் 180 நிமிஷம். தட்டு 150 நிமிஷத்தில் முடிந்தால் அரை மணி நேரம் களவு போயிற்று என்று அர்த்தம். ஆனால் இங்கேயும் நிதானம் வேண்டும். சினிமா ஒரு நொடிக்கு 24 கட்டம் ஓடுவது. டெலிவிஷன் கணக்குப்படி 25 கட்டமாக ஏற்றிய தட்டில் அதே 180 நிமிஷப் படம் ஒரு கட்டமும் குறையாமலே சுமார் 173 நிமிஷத்தில் முடிந்துவிடும். ஏழு நிமிஷம் போச்சு என்று கூச்சல் போடுமுன் இதைக் கவனிக்க வேண்டும். அதுபோலவே யுத்தகாலத்தில் பிலிம் பஞ்சம் காரணமாகச் சர்க்கார் படங்களுக்கு 11,000 அடி என்று எல்லை கட்டினார்கள். அக்காலத்துப் படம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுமேல் ஓடி முடிந்தால் அது அறுபட்டதாகாது. சந்தேகிக்கவும் வேண்டும், சந்தேகத்துக்குக் கணக்கும் வேண்டும்.

பழைய படத்தில் என்ன இருக்கிறது, போனால் போகட்டும் என்று சொல்லும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. "மந்திரி குமாரி"யின் கதை எங்கிருந்து வந்தது? குண்டலகேசியிலிருந்து. ஐம்பெருங் காப்பியங்களில் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிறோம். கையில் கிடைத்திருப்பது 19 பாட்டு. பௌத்த நூல், வாதம் செய்து எதிரிகளை மடக்கிய ஒரு பெண்ணைப் பற்றிய நூல். திருப்பித் திருப்பி ஏட்டில் எழுதிப் பாதுகாக்க ஆளில்லாமல் போயிற்று. அதே காலத்தில் எந்த நூல்களைப் பட்டுத் துணியில் சுற்றி வைத்தார்கள் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. மறைந்துபோன அந்நூலின் கதையிலிருந்து எழுந்த ஒரு படமும் அதே வழியில் போகவேண்டுமா?

படச்சுருளின் ஆயுள் ஓலையைவிடக் குறைவு. 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் "காளிதாஸ்" இன்று பிரதியில்லாமல் போய்விட்டது. பழைய நைட்ரேட் பிலிம் தானே தீப்பற்றும் சாதி. அதிலுள்ள வெள்ளிக்காக உருக்கி விற்றதும் உண்டு. பூனாவில் 1964-ல் சர்க்கார் ஒரு சினிமாக் காப்பகம் வைத்தார்கள். 2003 ஜனவரியில் அங்கே ஏற்பட்ட தீயில் பழைய சுருள்கள் ஏராளமாக எரிந்து போயின. இருப்பதைச் செப்பனிடலாமென்று தனிப்பட்டவர்கள் பணம் போட்டபோது எதற்குப் போட்டார்கள்? 2012-ல் "கர்ணன்" புத்துருப் பெற்றுக் கொட்டகைக்கு வந்தான். அதே வருஷம் "திருவிளையாடல்" வந்தது. 2014-ல் "ஆயிரத்தில் ஒருவன்" வந்தது என்பதையும் மறைக்கவில்லை. ஓடும் என்று தெரிந்ததைச் செப்பனிடுகிறார்கள். வியாபாரி வேறென்ன செய்வான்? புராணத்துக்குக் கேட்க ஆளிருக்கிறது. ராஜகுருவைத் தோலுரித்ததற்கும் கேட்க ஆள் வேண்டும்.

நம் பனமரத்துப்பட்டி அரளிப்பூ கூடை கூடையாய்க் கோயிலுக்கும் போகிறது, நடிகர்கள் படத்துக்கும் போகிறது. பூவுக்கு வித்தியாசம் தெரியாது, போடுகிறவனுக்கும் தெரியவில்லை. ஒரு மாலைக் காசுக்குச் சுவரொட்டியில் பால் ஊற்றுவதை விட்டுவிட்டு, பத்து வாலிபர்கள் சேர்ந்து சர்க்காருக்கும் படத்தின் உரிமைக்காரருக்கும், முழு நீளத்தில், முத்திரை குத்தாமல், நல்ல பிரதி வெளியிடும்படி எழுதினால் என்ன? ஏற்காடு சாலையில் ஸ்டூடியோவின் முகப்பு வளைவு இன்னும் நிற்கிறது. அதன்முன் நின்று படம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். உள்ளே எடுத்த படங்கள் முழுசாய் இருக்கின்றனவா என்று கேட்பவரைக் காணோம்.

அந்நாளில் கொட்டகை வாசலில் பாட்டுப் புஸ்தகம் விற்றார்கள். கதைச் சுருக்கம், நடிகர் பெயர், பாட்டுக்கள் எல்லாம் அதில் வரிசையாய் இருக்கும். தட்டில் எந்தப் பாட்டு காணாமற் போயிற்று என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பனமரத்துப்பட்டி, மல்லூர், ராசிபுரம் பக்கங்களில் யார் வீட்டுப் பரணிலாவது அவை கிடந்தால் பழைய காகிதக்காரனுக்கு எடைக்குப் போடாமல் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். டங்கன் கட்சி, சுந்தரம் கட்சி, எம்.ஜி.ஆர். கட்சி மூன்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றாய் உட்கார்ந்து, பாட்டுப் புஸ்தகத்தையும் தட்டையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு ஒத்துப் பார்த்து, குறைவதை நிமிஷக் கணக்கோடு எழுதியனுப்பினால், அடுத்த இதழிலேயே பிரசுரிக்கிறோம்.