டி-டைமர்: ஓர் எண்ணைக் கண்டு அஞ்சலாமா?

"டி-டைமர் கூடியிருக்கிறது டாக்டர், நுரையீரலில் அடைப்பாக இருக்குமோ?" தாமாகவே ஆய்வகத்தில் பரிசோதனை செய்துகொண்டு, தூக்கமின்றி வருவோரைப் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி காண்கிறோம். கொரோனாக் காலத்தில் பலருக்கு அறிமுகமான இப்பரிசோதனையை, மருத்துவர் பரிந்துரையின்றிச் செய்துகொள்ள வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

இரத்தம் உறையும்போது ஃபைப்ரின் என்னும் புரத இழைகள் வலையாகப் பின்னிக்கொள்கின்றன. காயம் ஆறியபின் பிளாஸ்மின் என்னும் நொதி அவ்வலையை அறுக்கிறது. அப்போது சிதறும் துணுக்குகளுள் ஒன்றே டி-டைமர். அதை மட்டும் இனங்கண்டு பற்றும் ஆன்டிபாடிகளை நுண்மணிகளின்மேல் பூசி, நோயாளியின் பிளாஸ்மாவுடன் கலக்கிறார்கள். துணுக்குகள் மிகுந்திருந்தால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன, கலவை கலங்குகிறது. அக்கலங்கலைக் கருவி எண்ணாக மாற்றுகிறது.

உடலில் எங்கோ உறைகட்டி கரைகிறது என்பதை மட்டுமே அந்த எண் சொல்லும். எங்கே, ஏன் என்று சொல்லாது. அறுவை சிகிச்சை, கர்ப்பம், நோய்த்தொற்று, புற்றுநோய் ஆகியவற்றிலும் அது உயரும். முதுமையிலும் உயரும். ஆகவே, பொதுவான எல்லை 500 என்றால், ஐம்பதைக் கடந்தவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கிப் பார்ப்பதுண்டு; 72 வயதானவருக்கு எல்லை 720. அலகும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுவதால், ஒரே இரத்தம் ஓரிடத்தில் 400 எனவும் வேறிடத்தில் 800 எனவும் காட்டக்கூடும்.

அப்படியானால் இப்பரிசோதனையால் பயன் என்ன? அதன் வலிமை, 'இல்லை' என்று சொல்வதில்தான் இருக்கிறது. நோயாளியைப் பரிசோதித்து, உறைகட்டிக்கான வாய்ப்பு குறைவென மருத்துவர் கருதும்போது, டி-டைமரும் எல்லைக்குள் இருந்தால் ஸ்கேன் பெரும்பாலும் தேவைப்படாது. கதிர்வீச்சும் செலவும் மிச்சம். வாய்ப்பு மிகுதியெனத் தோன்றினால், எண் எதுவாயினும் ஸ்கேன் செய்வதே முறை.

எனவே உயர்ந்த எண்ணைக் கண்டு தாமாக இரத்த உறைவுத்தடுப்பு மாத்திரை வாங்கி உண்பது தவறு. அது இரத்தக்கசிவில் முடியலாம். இயல்பான எண்ணை நம்பி அறிகுறிகளைப் புறக்கணிப்பதோ அதனினும் தவறு. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் தோன்றினால் அன்றே மருத்துவரைக் காணுங்கள். திடீர் மூச்சுத்திணறல், மூச்சிழுக்கும்போது நெஞ்சுவலி, இருமலில் இரத்தம் ஆகியவை தோன்றினால் ஆய்வகத்துக்கு அல்ல, அவசரப் பிரிவுக்கு விரைந்து வாருங்கள்.